விருச்சிகத்தில் வெடித்து அடங்கும் விண்மீன்

1863 மே 20. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் வானியலாளர் நார்மன் போக்சன், விருச்சிகத்தில் கேட்டைக்கு வடக்கே, வரைபடத்தில் இல்லாத ஒரு விண்மீனைக் கண்டார். வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒன்பதாம் தர ஒளி. அக்கம்பக்கத்து விண்மீன்களோடு கண்ணால் ஒப்பிட்டு ஒளியைக் கணித்து ஏட்டில் எழுதிவைப்பதே அன்றைய முறை. ஐரோப்பாவுக்குக் கடிதம் போய்ச்சேர வாரங்கள் ஆகும். விண்மீனோ சில நாட்களிலேயே மங்கிவிட்டது.

அது திரும்பி வரும் என்பதை அறியாமலே 1891-இல் அவர் சென்னையில் காலமானார். 1906-லும் 1936-லும் அது மீண்டும் வெடித்தது. அப்போது கண்டவர் எவருமில்லை. ஹார்வர்டு வானாய்வகத்தின் கண்ணாடி ஒளிப்படத் தட்டுகளில் அந்த ஒளி பதிந்து கிடந்தது. பிற்பாடு பழைய தட்டுகளைப் புரட்டியவர்களுக்கே அது தென்பட்டது.

இன்று யு ஸ்கார்ப்பி என்னும் அந்த விண்மீனின் உள்விவகாரம் தெரியும். அங்கே இருப்பவை இரண்டு விண்மீன்கள்: ஒரு வெண்குறு விண்மீனும் அதன் துணை விண்மீனும். 1.23 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணை விண்மீனின் ஹைட்ரஜன் வெண்குறு விண்மீன்மேல் படிந்து, அழுத்தம் மிகுந்து, அணுக்கரு இணைவால் வெடிக்கிறது. மேற்படலம் சிதறினாலும் விண்மீன் அழிவதில்லை. மறுபடியும் படிவு தொடங்குகிறது. வெடிக்கும்போது ஒளி பத்தாயிரம் மடங்கு கூடுகிறது. அதைத் தரக்கணக்கில் சொல்ல நாம் இன்றும் எடுப்பது, 1856-இல் போக்சனே வகுத்த அளவுகோலைத்தான்.

இப்போது வானியலாளர்கள் முன்கூட்டியே காத்திருக்கிறார்கள். 2009 வாக்கில் வெடிக்கும் என்று வானியலாளர் பிராட்லி ஷேஃபர் கணித்திருந்தார். 2010 ஜனவரி 28 அன்று வெடித்தது. ஃபுளோரிடாவின் ஆர்வலர்கள் இருவர் கண்டு சொல்ல, விண்வெளித் தொலைநோக்கிகள் வரை அதன் பக்கம் திரும்பின. போக்சனுக்குக் கிடைத்தது கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும். இவர்களுக்கு எக்ஸ் கதிரும் கிடைத்தது.

சென்னைக்கு மட்டும் இதில் ஓர் இழப்பு உண்டு. வானியல் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போனது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியது வானிலை ஆய்வு மையமும் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூணும்தான். தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் அங்கிருந்து விருச்சிகத்தின் முழு உருவத்தையும் காண்பதே அரிது. ஆனாலும் தமிழ் மண்ணோடு இந்த விண்மீனின் தொடர்பு அற்றுவிடவில்லை. 1999-இல் நிகழ்ந்த வெடிப்பின் நிறமாலையைக் காவலூர் வானாய்வகத்திலிருந்து பதிவு செய்தார்கள். இந்த வெண்குறு விண்மீனின் நிறை எந்த எல்லையை நெருங்குகிறது என்று ஆராய்கிறார்களோ, அந்த எல்லையைக் கணித்த வானியற்பியலாளர் சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர்தான்.

வெடிப்பைக் கடைசியாகக் கண்டது 2022 ஜூனில். ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி என்றால், அடுத்தது 2030-களின் தொடக்கத்தில் வரலாம். அது நவம்பர் இறுதியில் நேர்ந்தால், சூரியன் அந்தப் பக்கமாக நிற்கும். இத்தனை கருவிகள் இருந்தும், போக்சன் காலத்தைப் போலவே, தரையிலிருந்து பார்க்க வழியிராது.