சாவு வீட்டில் அழாத மகள்

கூடத்தில் அப்பாவின் உடல். அத்தைமார்கள் மாரடித்து அழுகிறார்கள். மூத்த மகள் மட்டும் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார், ஃப்ரீசர் பெட்டியின் வயர் பிளக் பாயின்ட் வரை எட்டுமா என்று பார்க்கிறார். பெரியத்தை அவர் கையைப் பிடித்து இழுத்து, "அழுதுரு தாயி, உள்ளயே வச்சிக்கிட்டா நெஞ்சடைச்சுக்கும்" என்கிறார். வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது: கல்நெஞ்சுக்காரி.

திண்டுக்கல் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை அவர். பெயர் வேண்டாம் என்றார். நான் முதலில் சந்தித்தபோது, டிப்ரஷனுக்காக மூன்று வருடமாக எசிட்டலோபிராம் சாப்பிட்டுவந்தார், 20 மில்லிகிராம். மாத்திரையைக் குறை சொல்ல மனசே இல்லை அவருக்கு. "அது இல்லேன்னா அப்பாவுக்கு முந்தி நான் போயிருப்பேன் சார். ஆனா துக்கத்தை அள்ளிட்டுப் போனப்ப கூடவே எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருச்சு. மக ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கிட்டு வந்தா. 'நல்லதும்மா'ன்னேன். அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு."

இது அவருடைய கற்பனை இல்லை. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு உணர்ச்சி மழுங்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 2023-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்றில், எந்த நோயும் இல்லாத 66 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று வாரத்துக்குக் குறையாமல் எசிட்டலோபிராமும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். கவனம், ஞாபகம் எதுவும் கெடவில்லை. ஆனால் நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களிடம், சரியாகச் செய்தால் கிடைக்கும் பலன் முன்போல உறைக்கவில்லை. கப்பைக் கண்டும் பூரிக்காத தாயின் கதையும் ஏறக்குறைய இதுதான். நோயே முழுசாகத் தீராமல் மிச்சமிருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. இருக்கலாம்.

"டாக்டர் இதைக் கேட்கவே இல்லையா?" என்றேன். அப்போது அவர் டாக்டரைப் பார்த்தே இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டினார். லேமினேட் செய்யப்பட்டது! கசங்கக் கூடாதென்று கணவர் செய்த ஏற்பாடு.

இந்தக் கட்டுரைக்காக அலைந்ததில் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பிளாஸ்டிக் சீட்டுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் மருந்து இது. சீட்டுதான் இருக்கிறதே! தேதியை யார் பார்ப்பது? மெடிக்கலில் நீட்டினால் பத்துப் பத்தாக அட்டை வருகிறது. மனநலப் பிரிவு வாசலில் சொந்தக்காரர் கண்ணில் படவேண்டாம், "நரம்பு டாக்டர்கிட்ட போனோம்" என்று புளுகவேண்டாம், ஃபீஸும் மிச்சம். ஆறு மாதத்துக்கென்று ஆரம்பித்ததா, ஆயுசுக்கா, டோஸைக் குறைக்கலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா? இதையெல்லாம் கேட்கவேண்டியவர் எதிரில் அவர் உட்காரவே இல்லை. சர்க்கரைக்காரர்கூட மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிறார். மனசு மரத்துப்போனதைக் காட்ட எந்த லேப் இருக்கிறது? வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

அதன்பிறகு, கல்நெஞ்சுக்காரிப் பட்டம் உறுத்தியதில், அவர் தானாகவே மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினார். யாரும் செய்யக்கூடாதது. நாலாம் நாள் தலைசுற்றல், குமட்டல், "மண்டைக்குள்ள சுருக்சுருக்னு கரண்ட் அடிச்ச மாதிரி." பயந்துபோய்த்தான் மறுபடி டாக்டரிடம் ஓடினார். டாக்டர் முதலில் பழைய டோஸையே கொடுத்து நிதானப்படுத்தி, பிறகு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து 10-க்குக் கொண்டுவந்திருக்கிறார். மாதம் ஒரு தடவை நேரில் வரவேண்டும் என்பது கண்டிப்பு.

அழுகை வந்ததா என்று கேட்டேன். "இன்னும் இல்ல சார். மொதல்ல வந்தது கோவம்தான். பஸ்ல மூணு ரூபா சில்லறைக்குக் கண்டக்டர்கிட்ட அப்படிச் சண்டை போட்டேன். எறங்குற வரைக்கும் கை நடுங்கிட்டே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.