எண்பத்தேழில் ஒரு பங்கு

தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. அன்று இடப்பட்ட அத்தடமே இன்று அம்பத்தூரையும் ஆவடியையும் சென்னையோடு பிணைக்கிறது. புறநகர் மின்வண்டிக்காகப் பட்டரவாக்கத்திலோ திருமுல்லைவாயிலிலோ காத்து நிற்போர் முன்னால், நிலக்கரி ஏற்றிய நெடுஞ்சரக்குத் தொடர் ஒன்று அதிர்ந்து கடக்கும். அதை நின்று நோக்குவோர் அரியர். ஆனால் அத்தொடரின் ஒவ்வொரு பெட்டியும் பொறியியலின் செப்பமான படைப்பு. கூர்ந்து நோக்கத் தக்கது. கையால் ஆக்கிப் பார்க்கவும் தக்கது.

இத்தகைய தொடர்களில் பெரிதும் காணப்படுவது ‘பாக்ஸ்என்’ என்னும் மூடியற்ற சரக்குப்பெட்டி. 1980களிலிருந்து இந்திய இருப்புப்பாதைகளில் நிலக்கரியையும் இரும்புக் கனிமத்தையும் சுமந்து வருவது இது. இணைப்பான் முகத்திலிருந்து மறுமுனை இணைப்பான் முகம் வரை இதன் நீளம் 10,713 மில்லிமீட்டர். உட்கூட்டின் நீளம் 9,784, அகலம் 2,950, உயரம் 1,950 மில்லிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 56.28 கன மீட்டர். வெற்றுப்பெட்டியின் எடை 22.47 டன், அது ஏற்கும் சுமை 58.81 டன். இரண்டும் சேர்ந்த 81.28 டன்னை நான்கு அச்சுகள் பகிர்ந்துகொள்ள, அச்சொன்றுக்கு 20.32 டன் விழுகிறது.

இப்பெட்டியை, கடையில் விற்கும் உறுப்புத் தொகுதி எதையும் நாடாமல், வெறும் பாலிஸ்டைரீன் தகட்டிலிருந்து அறுத்தும் ஒட்டியும் சிற்றுருவாக்குவது எங்ஙனம்? உலகெங்கும் பரவியுள்ள சிற்றுரு அளவு ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்; அதாவது 87.1-இல் ஒரு பங்கு. பெட்டியின் நீளம் 123 மில்லிமீட்டர் ஆகிவிடும். உட்கூடு 112.3, உட்புற உயரம் 22.4, ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 11.5. பள்ளிச் சிறுவரும் செய்யும் வகுத்தல் இது. வகுத்தலுக்குக் கட்டுப்படாதவை வேறு சில உண்டு. சிற்றுருக் கலையின் அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் தடம். உலகச் சந்தையில் இந்தச் சிற்றுரு அளவுக்கென விற்கப்படும் தண்டவாளத்தின் இடையகலம் 16.5 மில்லிமீட்டர். 1,435 மில்லிமீட்டர் கொண்ட மேலைநாட்டுத் தடத்தை 87.1-ஆல் வகுத்து வந்த எண் அது. நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதை வகுத்தால் 19.24 வரவேண்டும். ஆகவே ஆவடி வழியே ஓடும் பெட்டியைக் கடைத்தண்டவாளத்தில் நிறுத்தினால், கால்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஒடுங்கி நிற்கும். சென்னை மெட்ரோவின் தடம் 1,435 மில்லிமீட்டர் என்பதால், பூந்தமல்லிப் பக்கம் இடப்பட்ட மெட்ரோத் தடத்துக்குரிய வண்டியைச் சிற்றுருவாக்குபவருக்கு இவ்விடர் இல்லை. சில கல் தொலைவில் உள்ள இரு ஊர்களின் தடங்களில் ஒன்று கடைத்தண்டவாளத்துக்குப் பொருந்துகிறது, மற்றொன்று பொருந்தவில்லை.

இதற்குச் சிலர் அளவையே மாற்றி 101.6-இல் ஒரு பங்காகச் செய்யலாம் என்பர்; அப்போது 16.5 சரியாக அமையும். ஆனால் சக்கரம், இணைப்பான், அருகில் நிற்கும் இழுபொறி யாவும் வேறளவில் இருக்க, பெட்டி மட்டும் குறுகி நிற்கும். 87.1 என்னும் அளவை விடாமல், உடலை நம் அளவிலும் தடத்தைச் சந்தையின் அளவிலும் வைப்பதே தக்கது என்பது என் முடிபு. பக்கவாட்டிலிருந்து நோக்கும் கண்ணுக்குத் தடத்தின் அகலம் தெரிவதில்லை. ‘காஸ்னப்’ எனப்படும் வார்ப்பெஃகுச் சக்கரச் சட்டகங்களின் பக்கச்சுவர்களை மெய்யளவில் அகற்றி அமைத்தால், ஒடுங்கிய சக்கரங்கள் அவற்றின் நிழலுக்குள் மறைந்துவிடும்.

அடுத்து, கண்ணின் எல்லை. நலமான மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அரை மீட்டர் தொலைவில் அது 0.145 மில்லிமீட்டர். இதை 87.1-ஆல் பெருக்கினால் 12.7 மில்லிமீட்டர். மெய்ப்பெட்டியில் இதைவிடச் சிறிய எதுவும், சிற்றுருவில் எவ்வளவு திருத்தமாகச் செய்தாலும், அரை மீட்டரில் நின்று நோக்குவோர்க்குத் தனியே புலப்படாது. வேறுவகையிற் சொன்னால், சிற்றுருவை அரை மீட்டரில் பார்ப்பது மெய்ப்பெட்டியை 43 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்கு ஒப்பு. எதைச் செய்வது, எதை விடுவது என்று தயங்கும்போதெல்லாம் இவ்வெண்ணையே துணைக்கொள்ள வேண்டும். அத்தொலைவில் ஒரு சிறு மரையாணியின் தலை தெரியாது. பக்கச்சுவரைத் தாங்கும் நிலைவிலாக்கள் தெரியும். விலாக்களின் இடைவெளியில் அரை மில்லிமீட்டர் பிசகினால், என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவரும் ஏதோ பொருந்தவில்லை என்று உணர்வார்.

தகட்டின் தடிமனை இங்கேதான் எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டியின் எஃகுச் சுவர் 5 மில்லிமீட்டர் என்று கொண்டால், சிற்றுருவில் அது 0.06 மில்லிமீட்டர், தாளினும் மெல்லிது. அத்தகட்டால் நிற்க இயலாது. ஒரு மில்லிமீட்டர் தகட்டால் செய்தாலோ, மெய்யளவில் 87 மில்லிமீட்டர் தடித்த கோட்டைச் சுவராகிவிடும். மூடிய பெட்டியாயின் தடிமன் உள்ளே மறையும். மேலே திறந்த பெட்டியில் விளிம்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். நல்லூழாக, பாக்ஸ்என் பெட்டியின் மேல்விளிம்பில் சுவரை விறைப்பாக்கும் அகன்ற சட்டம் ஒன்று ஓடுகிறது. முக்கால் மில்லிமீட்டர் தகட்டில் சுவரைச் செய்து, அச்சட்டத்தை மெல்லிய பட்டையாக மேலே ஒட்டினால், தடிமன் அதனடியில் ஒளிந்துகொள்ளும். நிலக்கரிச் சுமையை விளிம்பருகே வரை நிரப்பினால் ஐயத்துக்கே இடமில்லை.

இனிப் பொருள். பாலிஸ்டைரீன் நமக்குப் புதிதன்று. அறிவியல் கண்காட்சிக்கு மாணவர் சுமந்து செல்லும் தெர்மாக்கோல் அதன் நுரைத்த வடிவம். குறுந்தட்டுகளை வைக்கும் ஒளியூடுருவும் உறை அதன் தூய வடிவம். 1839-இல் பெர்லின் மருந்தாளர் எடுவார்டு சீமோன் ஒரு மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஸ்டைரீன் நீர்மத்தைப் பெற்றார். அது நாளடைவில் கூழாக இறுகக் கண்டு, காற்றோடு கூடி மாறியதென எண்ணினார். மெய்யில் அங்கே நிகழ்ந்தது, சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலியானமை. அத்தகைய மாபெரும் மூலக்கூறுகள் உண்டு என்று எர்மன் சிடாடிங்கர் 1920-இல் எழுதியபோது வேதியியலார் பலர் ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தூய பாலிஸ்டைரீன் சங்கிலிகளில் பென்சீன் வளையங்கள் புடைத்து நிற்பதால் அவை எளிதில் வழுக்கிச் செல்லா. எனவே அறை வெப்பத்தில் அது கண்ணாடியைப் போல் நொறுங்கும். சிற்றுருத் தகட்டில் நுண்ணிய இரப்பர்த் துகள்களைக் கலந்து அந்நொறுங்குமையைத் தணித்திருப்பர். வளைத்தால் வெண்ணிறக் கோடு தோன்றுவது அத்துகள்களைச் சுற்றி நுண்வெடிப்புகள் பிறப்பதால். ஆயினும் கண்ணாடித் தன்மை முற்றும் நீங்குவதில்லை. நம் கைக்கு உதவுவதும் அதுவே. தகட்டை முழுதும் அறுக்க வேண்டியதில்லை. கூரிய கத்தியால் மென்மையாக இரண்டு மூன்று முறை கீறி, கோட்டின்மேல் மடக்கினால் போதும். கீறலின் அடிமுனையில் தகைவு குவிந்து, வெடிப்பு நேர்க்கோட்டில் ஓடிவிடும். வெடிப்பின் இவ்வியல்பை 1921-இல் கிரிஃபித் கண்ணாடி இழைகளைக் கொண்டு விளக்கினார். கத்தி ஒதுக்கிய பொருள் கீறலின் இருபுறமும் மேடாகப் புடைத்திருக்கும். அதைச் சுரண்டிச் சமன்செய்த பின்னரே ஒட்டவேண்டும்.

ஒட்டுதல் என்னும் சொல்லும் இங்கே முழுப்பொருத்தமன்று, நிகழ்வது பற்றவைப்பு. இரு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் ஒரு துளி கரைப்பானைத் தொட்டால், நுண்புழை ஈர்ப்பால் அது இடுக்கு முழுதும் ஓடிப் பரவும். கரைப்பான் இருபுறச் சங்கிலிகளையும் தளர்த்த, ஒருபுறத்தவை மறுபுறம் புகுந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் எஞ்சுவது ஒரே உடல்.

எந்தக் கரைப்பான் என்பதில் நம் ஊரின் வெயிலுக்கும் பங்குண்டு. மேலைநாட்டார் விரும்பிவந்த இருகுளோரோமீத்தேன் 40 பாகை செல்சியசில் கொதிக்கும். ஆவடியில் அக்கினி வெயில் நாள்களின் நண்பகலில் குப்பியைத் திறந்தால் அது கொதிநிலையை ஒட்டியே இருக்கும். தூரிகை இடுக்கைத் தொடுமுன் பாதி போய்விடும். புழுக்கமான நாளில், விரைந்து ஆவியாகும் கரைப்பான் தகட்டைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அங்கே படிந்து வெண்படலமாகும். அக்கரைப்பானின் ஆவி உடலுக்கும் தீங்கு. 80 பாகையில் கொதிக்கும் பியூட்டனோன் நம் தட்பவெப்பத்துக்கு மிக ஏற்றது. காற்றோட்டமும் நெருப்பிலிருந்து விலக்கும் அதற்கும் தேவை. இரு தகடுகளை அகலமாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது கரைப்பானை மிகுத்துவிட்டால், உள்ளே சிறைப்பட்டது மாதக்கணக்கில் வெளியேறித் தகட்டைக் கோணலாக்கும். ஆதலால் மூடிய அறைகளின் அடியில் சிறு துளைகள் இடுவது கட்டாயம்.

அட்டையையும் மென்பலகையையும் விடுத்துப் பாலிஸ்டைரீனை நான் பரிந்துரைக்கும் தலையாய காரணம், வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் வீடுகளின் கதவுகளே உப்பிச் சிக்கிக்கொள்கின்றன. மரநாரால் ஆன எதுவும் ஈரத்தைக் குடித்து வீங்கும். பாலிஸ்டைரீன் ஈரத்தை ஏற்பது மிக அற்பம். வெப்பத்தில் மட்டும் கவனம் வேண்டும். அது எஃகைப் போல் ஐந்தாறு மடங்கு விரியும்; 112 மில்லிமீட்டர் தளம் 15 பாகை வேறுபாட்டில் 0.12 மில்லிமீட்டர் நீளும். அடியில் எஃகுப் பட்டையை எடைக்காக விறைப்பான பசையால் ஒட்டினால் தளம் வில்லாக வளையும். நெகிழும் பசையே வேண்டும்.

எடை என்றதும், 1638-இல் கலிலியோ சுட்டிய உண்மை முன்னிற்கிறது: நீளம் ஒரு மடங்கில் சுருங்கினால், பரப்பு அதன் இருமடியிலும் கன அளவு மும்மடியிலும் சுருங்கும். 22.47 டன்னை 87.1-இன் மும்மடியால் வகுத்தால் 34 கிராம். முழுச்சுமையோடு 123 கிராம். நம் பாலிஸ்டைரீன் கூடு மட்டும் ஏறத்தாழ 11 கிராம். அமெரிக்கச் சிற்றுருத் தொடர்வண்டிக் கழகமான என்எம்ஆர்ஏ-வின் பரிந்துரையோ, அடிப்படையாக ஓர் அவுன்சு, நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சு. நம் பெட்டிக்கு அது 97 கிராம்! வெற்றுப்பெட்டிக்கு உரிய எடையைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு.

காரணம் வளைவுகளில் உள்ளது. இந்திய அகலப்பாதையின் கடும் வளைவு 10 பாகை. ஆரம் 175 மீட்டர். சிற்றுருவில் அது இரண்டு மீட்டர் ஆகவேண்டும். அம்பத்தூர் அடுக்ககத்தின் ஒரு மேசைமேல் அதற்கு இடமேது? கடையில் கிடைக்கும் வளைவின் ஆரம் 46 சென்டிமீட்டர் அளவினது. வளைவு நான்கு மடங்குக்கு மேல் நெருங்கியதால், முன்னால் இழுக்கும் விசை பெட்டியை உட்புறமாகச் சாய்க்கும். புவியீர்ப்பு ஒன்றே அதைத் தண்டவாளத்தில் நிறுத்தும். ஆதலின் நிலக்கரி மேட்டுக்கு அடியில் ஈயமோ எஃகோ வைத்து 97 கிராம் ஆக்குவதே முறை. நிலக்கரி ஏற்றிய நம் பெட்டிக்கு அவ்வெடை மிகையுமாகாது.

தண்டவாளம் எங்கும் முற்றச் சமமாக இராது. நான்கு அச்சுகளும் ஒருங்கே பதிய வேண்டும். ஒரு சக்கரச் சட்டகத்தை இடவலமாகத் திரும்ப மட்டும் விட்டு, மற்றதைத் திரும்பவும் பக்கவாட்டில் ஆடவும் விட்டால், பெட்டி மூன்று புள்ளிகளில் அமரும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும் என்னும் வடிவியலே பெட்டியைத் தடம்புரளாமல் காக்கிறது.

செங்காவி வண்ணம் பூசியபின் எண் எழுத வேண்டும். பலர் இங்கே ஏதேனும் ஓர் எண்ணை இட்டு முடித்துவிடுகின்றனர். அது எனக்கு உடன்பாடன்று. இந்தியச் சரக்குப்பெட்டியின் எண் பதினோரிலக்கம் கொண்டது: வகைக்கு இரண்டு, உரிமை கொண்ட மண்டலத்துக்கு இரண்டு, செய்த ஆண்டுக்கு இரண்டு, தனி எண்ணுக்கு நான்கு, இறுதியில் ஒரு சரிபார்ப்பிலக்கம். வகை 10, தென்னக இருப்புப்பாதைக்குரிய 06, ஆண்டு 12, தனி எண் 3456 என்று கொள்வோம். இரட்டை இடங்களில் உள்ளவை 0, 6, 2, 4, 6, கூட்டுத்தொகை 18, மும்மடங்கு 54. ஒற்றை இடங்களில் உள்ளவை 1, 0, 1, 3, 5, கூட்டுத்தொகை 10. மொத்தம் 64. அதற்கடுத்த பத்தின் மடங்கு 70, வேறுபாடு 6. ஆகவே 10 06 12 3456 6 என்றே எழுதவேண்டும். வேறெந்த இலக்கத்தை இட்டாலும், கணினியில் பதியும் இருப்புப்பாதை எழுத்தர் அதைப் பிழையெண் என்று தள்ளிவிடுவார்.