வீட்டுக்குள் ஒரு ஸ்டூடியோ – 4: வடக்கு ஜன்னலும் ஜூன் வெயிலும்

உருவப்படம் எடுக்க வடக்கு ஜன்னலே உகந்தது என்பது ஐரோப்பிய ஓவியர்களின் பழைய கணக்கு. லண்டன் 51 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் எந்த நாளிலும் தெற்கே சாய்ந்தே நிற்கும். ஆவடியை அடுத்த வெள்ளானூர் இருப்பதோ 13 பாகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே சூரியன் நாள் முழுதும் வடக்குப் பக்கமாகவே போகிறது. உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும்; காலை, மாலைச் சாய்வெயிலை அது தடுக்காது. அந்தக் கணக்கை நம்பி ஜன்னலோரம் நாற்காலி போட்டால், ஜூன் மாதக் காலையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் கிரில் கம்பியின் நிழல்தான் விழும்.

இதற்கு மருந்து பீரோவிலேயே இருக்கிறது: கரையை மடித்து ஜன்னலில் கட்ட ஒரு வெள்ளை வேட்டி. வெயில் பட்டதும் துணி முழுதுமே விளக்காகிவிடும். ஒளி வரும் பரப்பு பெரிதாகப் பெரிதாக நிழலின் ஓரம் கரையும். கம்பிகளும் காணாமல் போகும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், முகத்திலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் இருண்ட கன்னம் தெளியும். ரொம்பவும் நெருக்கினால் முகம் தட்டையாகிவிடும். வெளிச்சம் சரியா என்று பார்க்க வேண்டிய இடம் கண்மணி. அதன் மேற்பகுதியில் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தால் போதும். அது இல்லாத கண் படத்தில் உயிரற்றுக் கிடக்கும்.

அடுத்தது இடம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சுவரிலிருந்து நான்கடி தள்ளி ஆள், அங்கிருந்து ஆறடியில் கேமரா, மீதி இரண்டடியில் படம் எடுப்பவர். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நிழல் சுவரில் அப்பிக்கொள்ளும். ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஆறடித் தூரத்தில் சுமார் 80 செ.மீ. உயரத்தைப் பிடிக்கும், அதாவது தலையிலிருந்து இடுப்பு வரை. ஆளை முழுதாக எடுக்கப் பதினைந்தடியாவது வேண்டும். கதவைத் திறந்து ஹாலில் போய் நிற்க வேண்டியதுதான். அகலக் கோண லென்ஸை மாட்டிக்கொண்டு கிட்டே போவது தவறு, மூக்கு பெரிதாகிவிடும்.

பச்சையோ ரோஸோ அடித்த சுவர் தன் நிறத்தைத் தாடையில் பூசும். பக்கத்து வீட்டுச் சுவரும் அதையே செய்யும். மனைகள் நெருங்கிய புறநகரில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இருவேறு நிற ஒளி கலக்கும். வெள்ளைப் பின்னணியைக் கண்டால் கேமராவின் ஒளி அளவி ஏமாந்து முகத்தைக் கருக்கும்; எக்ஸ்போஷரைப் பிளஸ் 1 வரை ஏற்றினால் மாநிறம் மாநிறமாகவே வரும்.

பின்னணிக்கு அலங்காரம் தேவையில்லை. தூணும் மாடிப்படியும் தீட்டிய பழைய திரைச்சீலைகளைப் பார்க்க விரும்புவோருக்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எண்மமாக்கிய தமிழகத்து ஸ்டூடியோ படங்கள் இருக்கின்றன. வீட்டுக்குச் சுருக்கமில்லாத சாம்பல் நிறப் போர்வை போதும்.

மழைக்காலத்தில் லென்ஸைப் பையிலேயே வைத்தால் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு; நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

(தொடரும்)