குழாய்த் தண்ணீரும் வீட்டு ஃபில்டரும்: வாங்கும் முன் அறிய வேண்டியவை



நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் இரண்டு வகை அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை என மருத்துவச் செலவுக்கு உதவி கேட்பவை. மற்றொன்று, ஆர்.ஓ. மெஷின் வாங்க உதவி கேட்பவை. இரண்டாவது மனுவை எழுதுவோரில் பலர் தங்கள் வீட்டுத் தண்ணீரை ஒருமுறைகூடச் சோதித்தவர்கள் அல்லர். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது இது. ஆகவே இந்த இதழில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

நம் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது?

வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் உள்ள நமக்கு மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக்குடிநீர் ஒருபுறம், போர் தண்ணீர் மறுபுறம். இரண்டும் ஒன்றல்ல.

பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் உப்பாகிப் போனதற்குத் தோல் தொழிலே முக்கியக் காரணம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்குகிறது. பதனிடுவதற்குக் குரோமிய உப்பும் சேர்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்துள்ளன. ஆனால் பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கிய உப்பு சீக்கிரம் வெளியேறாது. நம்மில் பலர் வீட்டில் அடுப்பெரிவது இந்தத் தொழிலால்தான். அதற்காக, நம் பிள்ளைகள் குடிக்கும் நீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

குழாய்த் தண்ணீரில் கவலை வேறு. அங்கே உப்பைவிடக் கிருமிகளுக்குத்தான் அஞ்ச வேண்டும். தண்ணீர் சில மணி நேரமே வருவதால் மற்ற நேரங்களில் குழாயில் அழுத்தம் இருப்பதில்லை. சாக்கடை ஓரமாகப் போகும் குழாயில் விரிசல் இருந்தால் அப்போது கழிவுநீர் உள்ளே புகும். குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் இந்த ஆபத்து இன்னும் கூடும். அந்த மோட்டார் அண்டை வீட்டாரின் பங்குத் தண்ணீரை எடுக்கிறது. கூடவே தெருவுக்கே நோயையும் இழுத்து வருகிறது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணும் நாம் இதைச் செய்யலாமா என்று யோசிக்க வேண்டும்.

முதலில் சோதனை

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் சுத்திகரித்த பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். எடுத்த மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து, தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். போர் தண்ணீருக்குக் குரோமியம், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அறிக்கை வந்ததும் இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டரில் கரைந்த மொத்த உப்பு (டி.டி.எஸ்.) 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கடினத்தன்மை 200, வேறு வழியில்லையேல் 600. ஃபுளோரைடு 1, வேறு வழியில்லையேல் 1.5. நைட்ரேட் 45-ஐயும், குரோமியம் 0.05-ஐயும் தாண்டவே கூடாது. ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எந்த நீருக்கு எது?

கொதிக்க வைத்தல்: கிருமிகளைக் கொல்ல இதுவே எளிய வழி. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் உப்பு, குரோமியம், நைட்ரேட் எதுவும் இதில் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். நைட்ரேட் மிகுந்த போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கக் கூடாது. குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடும்.

கார்பன் ஃபில்டர்: குளோரின் வாடையையும் சில இரசாயனங்களையும் நீக்கும். உப்பைத் தொடாது. காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும்.

யு.வி.: புற ஊதா ஒளியால் கிருமிகளை அழிக்கும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், மின்சாரமும் வேண்டும்.

யு.எஃப்.: நுண்துளைச் சவ்வால் பாக்டீரியாக்களைத் தடுக்கும். மின்சாரமின்றி இயங்கும் மாடல்களும் உண்டு. இதுவும் உப்பை நீக்காது.

ஆர்.ஓ.: உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், குரோமியம் ஆகியவற்றை வெகுவாகக் குறைப்பது வீட்டுக் கருவிகளில் இதுதான். விலையும் பராமரிப்புச் செலவும் அதிகம். நிறைய நீரையும் கழிவாக வெளியேற்றும்.

சுருக்கமாகச் சொன்னால், காவிரி நீர் மட்டும் குடிக்கும் வீட்டில் டி.டி.எஸ். 500-க்குள் இருந்து மற்ற அளவுகளும் சரியாக இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, கொதிக்க வைப்பதோ யு.வி.யோ போதும். போர் தண்ணீரையே குடித்தாக வேண்டிய வீட்டில், சோதனையில் உப்போ குரோமியமோ மிகுந்திருந்தால் ஆர்.ஓ. வாங்குவது நியாயமான செலவு.

வாசலில் நடக்கும் "சோதனை"

வீடு தேடி வரும் விற்பனையாளர்கள் சிலர், இரண்டு கம்பிகள் கொண்ட கருவியைக் குழாய் நீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும். தங்கள் ஆர்.ஓ. நீரில் வைத்தால் மாறாது. பார்ப்பவர்களுக்குப் பயம் வந்துவிடும். உண்மையில் அந்த நிறம் கருவியின் இரும்புக் கம்பி கரைவதால் வருகிறது. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும்; உப்பு நீக்கிய நீரில் அவ்வளவாகப் பாயாது. அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல குடிநீரும் இப்படிக் கலங்கும். டி.டி.எஸ். மீட்டரும் கிருமியையோ ஈயத்தையோ காட்டாது. இந்த வித்தைகளை நம்பி மாதத் தவணையில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

வாங்குவதாக முடிவு செய்தால், ஆர்.ஓ. கருவிகளுக்கான ஐ.எஸ். 16240 தரக்குறியீடு உள்ளதா, ஃபில்டரும் சவ்வும் மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், நம் ஊரிலேயே சர்வீஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஃபில்டர் மாற்றாத மெஷின் பாதுகாப்பு தராது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற எண்ணத்தை மட்டுமே தரும்.

ஆர்.ஓ. வெளியேற்றும் நீர் நஜீஸ் அல்ல. ஆனால் அதில் உப்பு மிகுந்திருப்பதால் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் பயன்படுத்தலாம். ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

செலவில்லாத காரியங்கள்

சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவி, மூடி வையுங்கள். குடிநீர்க் குடத்தில் கை படாதபடி நீள்பிடிக் கரண்டியால் மொண்டு குடியுங்கள். குழாய் நீரில் இலேசான குளோரின் வாடை இருந்தால் அஞ்ச வேண்டாம். கிருமிக்கு எதிரான காவல் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. நீர் கலங்கலாகவோ சாக்கடை வாடையோடோ வந்தால் அன்றே நகராட்சியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தெருவினர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

ஒரே போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே சோதனை செய்துகொள்ளலாம். அவ்வாறு செய்ய விரும்புவோர் தெருப் பெயரோடு நம் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மாதிரியைச் சேர்க்க ஏற்பாடு செய்கிறோம். வசதியற்ற குடும்பங்களின் சோதனைக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும். இனி ஆர்.ஓ. உதவி மனுவோடு சோதனை அறிக்கையையும் இணைக்க வேண்டுகிறோம். ஸதகாவாக வந்த பணம் நம்மிடம் அமானத். அது தேவையுள்ள வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்