உஷார்! அந்தப் படிவத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடாதீர்கள்

இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்து அமெரிக்காவுக்கு அழைத்துப்போகும் தமிழ்த் தம்பதிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது மொழி விவரம் கேட்டு ஒரு தாள் தருவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பேசும் மொழி எது என்று கேள்விகள் இருக்கும். ‘இனி இவள் நம் வீட்டுப் பிள்ளைதானே’ என்ற பூரிப்பில் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிற பெற்றோர் உண்டு. அப்படி எழுதினால், பிள்ளையின் ஆங்கிலத் திறனைப் பள்ளி பெரும்பாலும் சோதிக்கவே சோதிக்காது. ஆங்கிலம் கற்போருக்கான தனி உதவியும் கிடைக்காமல் போய்விடும். மொழி புரியாத பிள்ளையைச் சும்மா வகுப்பில் உட்காரவைப்பது சம வாய்ப்பு ஆகாது என்று, சான் பிரான்சிஸ்கோ சீன மாணவர்கள் தொடுத்த லாவ் வழக்கில் 1974-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்காடிப் பெற்ற அந்த உரிமையை ஒரு கையெழுத்தில் இழந்துவிடாதீர்கள்.

தமிழ் என்று மட்டும் எழுதினாலும் ஆபத்துதான். தத்தெடுப்புக்கான மத்திய ஆணையமான ‘காரா’ மூலம் வரும் ஏழு வயதுப் பிள்ளை ஒடியாவோ மராத்தியோ பேசுகிறவளாக இருக்கலாம். அவள் மொழி எதுவோ அதையே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு, பள்ளியில் ஆங்கிலம் புரியாவிட்டாலும் வீட்டில் அம்மாவோடு பேச ஒரு மொழி இருக்கிறது. பெற்றோருக்குத் தெரியாத மொழி பேசி வரும் தத்துப்பிள்ளைக்கு அதுவும் இல்லை. பேச ஆளில்லாத தாய்மொழி சில மாதங்களிலேயே கரையத் தொடங்கும். கொரியாவில் பிறந்து, 3 முதல் 8 வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப்போனவர்களை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு சோதித்த ஆய்வு 2003-ல் வெளியானது. கொரிய மொழியைக் காதால் கேட்டும் அவர்களால் அடையாளம் காண முடியவில்லை! பழைய மொழி போய், புதியது வந்து சேராத அந்த இடைவெளியில் பிள்ளை எதை வைத்துக் கணக்குப் படிக்கும், எதை வைத்து யோசிக்கும்? நியூயார்க் உளவியலாளர் போரிஸ் கிண்டிஸ் பல ஆண்டுகளாக எச்சரித்து வருவது இதைப் பற்றித்தான்.

ஆறே மாதத்தில் பிள்ளை மழலை ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும். அதைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தகம் கேட்கிற மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்கிறார் கனடா கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ். மூன்றாம் வகுப்புக்கு மேல் அறிவியலும் வரலாறும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டியவையாக மாறும்போதுதான் பல பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

அப்போது பள்ளியில், “இன்னும் ஆங்கிலம் வரவில்லை, பொறுத்துப் பார்ப்போம்” என்பார்கள். பொறுக்காதீர்கள்! குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கேட்கும் திறனிலோ கற்கும் திறனிலோ உண்மையிலேயே குறை இருக்கலாம். அது மொழிப் பிரச்சினை என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே இலவசமாக மதிப்பீடு செய்வது பொதுப்பள்ளி நிர்வாகத்தின் கடமை. எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சம்மதம் தந்த பிறகு 60 நாள் அவகாசம் உண்டு. சில மாநிலங்களில் இது மாறும். அதற்குள் தாய்மொழி தேய்ந்துவிடும் என்பதால், முடிந்தால் இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே, பிள்ளையின் மொழி பேசும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி அறிக்கை வாங்கிவிடுங்கள்.

‘நல்ல தனியார் பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம்’ என்பது நம்மவர்களின் முதல் நினைப்பு. அங்கே வகுப்பில் பிள்ளைகள் குறைவு, கவனிப்பு கூடுதல் என்பதெல்லாம் சரிதான். ஆனால் பொதுப்பள்ளியில் சட்டம் தரும் தனிக் கல்வித் திட்டம், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் தனியார் பள்ளியில் உரிமையாகக் கேட்க முடியாது. இரண்டையும் விசாரித்து, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரையே நேரில் பார்த்துப் பேசாமல் கட்டணம் கட்டாதீர்கள்.

இப்போது தத்தெடுப்புக்குக் காத்திருக்கும் தம்பதி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பிள்ளை வீட்டுக்கு வந்து சேரும் முன் இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.