நட்சத்திரக் குறி செய்யும் குளறுபடி

ஹார்டுவேர் கடையின் இருப்புப் பட்டியலில் போல்ட் அளவு 10*50 என்று இருக்கும். பத்து மில்லிமீட்டர் கனம், ஐம்பது நீளம். இன்னொரு வரியில் 10*150. இரண்டும் வேறு வேறு சரக்கு. ஆனால் எந்தப் பெயராவது இருமுறை ஏறியிருக்கிறதா என்று எக்செலில் கவுன்ட்இஃப் போட்டுப் பார்த்தால், 10*50க்கு நேரே 2 என்று வரும். அதை நம்பி வரியை அழித்தால் ஒரு சரக்கே பட்டியலிலிருந்து போய்விடும்.

கவுன்ட்இஃப் நாம் கொடுக்கும் சொல்லைத் தேடல் நிபந்தனையாகவே படிக்கிறது. அதில் * இருந்தால், அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ? இருந்தால் ஏதோ ஓர் எழுத்து. ஆகவே 10இல் தொடங்கி 50இல் முடியும் எந்தப் பெயரும் அதன் கணக்கில் சேர்ந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், 10*150க்கு நேரே 1தான் வரும். குறிகளுக்கு இந்தச் சக்தி தேடும் சொல்லில் மட்டும்தான். தேடப்படும் பட்டியலில் கிடையாது. உண்மையான இரட்டைப்பதிவு என்றால் இரண்டு வரியிலும் 2 வர வேண்டும். ஒன்றில் மட்டும் வந்து ஜோடியைக் காணோம் என்றால் குறியைச் சந்தேகிக்கலாம்.

குறிக்கு முன்னால் ~ போட்டால் அது வெறும் எழுத்தாகிவிடும். சப்ஸ்டிட்யூட் மூலம் ~ஐ ~~ ஆகவும், *ஐ ~* ஆகவும், ?ஐ ~? ஆகவும் மாற்றி, பிறகு கவுன்ட்இஃபிடம் கொடுக்க வேண்டும். ~ஐத்தான் முதலில் மாற்ற வேண்டும். கடைசியில் மாற்றினால் புதிதாகச் சேர்த்த ~*, ~~* ஆகிவிடும். நட்சத்திரத்துக்குப் பழைய சக்தி திரும்பிவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. சம்புராடக்ட்டுக்குள் சமக்குறி போட்டு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டால் குறிகளின் தொல்லையே இல்லை. 16 இலக்க அட்டை எண்களுக்கும் இதுவே நல்லது. கவுன்ட்இஃப் அவற்றை எண்ணாக மாற்றி 15 இலக்கங்களை மட்டுமே பார்ப்பதால், கடைசி இலக்கம் மட்டும் மாறும் இரண்டு அட்டைகளை ஒன்றென்று சொல்லிவிடும். அட்டை எண்கள் உரையாகப் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலுக்அப், மேட்ச் இரண்டிலும் இதே குறிகள் வேலை செய்யும். எக்ஸ்லுக்அப் நாம் கேட்டால் ஒழிய அவற்றைக் கண்டுகொள்ளாது.

புதிதாகப் பட்டியல் போடுபவர்கள் அளவுகளுக்கு நடுவில் × குறியைப் போடுங்கள். பழைய பட்டியலில் எதையும் அழிக்கும் முன், ஜோடி வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.