ஜெபமும் மண்வெட்டியும்... கல்லூரி மாணவர்களைக் குடிசைப்பகுதிக்கு அழைத்துப்போன ஃபாதர் செராக்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்தது செஞ்சிக் கோட்டை. மராட்டியர் தொடர்புடைய 12 கோட்டைகளில் தமிழ்நாட்டுக்காரர் இது ஒன்றுதான். ஆனால், செஞ்சியின் புகழ் வெளிநாடு போனது நேற்று இன்றல்ல. 1597-ல் இங்கே வந்த நிக்கோலஸ் பிமெண்டா என்ற இயேசு சபை பாதிரியார், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலிலேயே இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று வியந்து எழுதினார்.

அவர் எழுதியதில் ரத்தம் தோய்ந்த பக்கமும் உண்டு. செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் சிதம்பரத்தில் பெருமாள் சந்நிதித் திருப்பணியில் இறங்கினார். எதிர்த்த சைவ அர்ச்சகர்கள் கோபுரத்தில் ஏறிக் குதித்தார்கள். சுமார் இருபது பேர் இறந்ததாகச் சொல்கிறது பிமெண்டாவின் குறிப்பு.

கடவுள் நம்பிக்கையோடு ஊர் விஷயத்தில் இறங்கினால் என்ன ஆகும், எப்படி இறங்க வேண்டும்? ஏறக்குறைய 360 வருடங்கள் கழித்து, இன்னொரு இயேசு சபை பாதிரியார் இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் முன்னால் வைத்தார். அவர் கையில் அதிகாரம் இல்லை. மண்வெட்டி இருந்தது.

ஃபாதர் பியர் செராக். 1914-ல் பிரான்ஸில் பிறந்து, 1937-ல் இந்தியா வந்தவர். தமிழும் சம்ஸ்கிருதமும் படித்தவர். 1950-களில், 'ஐக்கஃப்' எனப்படும் அகில இந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பின் வழிகாட்டியாக ஆனார். 1924-ல் வேர்விட்ட அமைப்பு அது.

கிறிஸ்தவ மாணவர் முகாம் என்றால் தியானம், பாட்டு, பிரசங்கம் என்றுதான் நினைப்போம். செராக் பிள்ளைகளை உழைப்பு முகாமுக்கு அழைத்துப்போனார். சென்னையில் செரியன் நகர் குடிசைப்பகுதியில் மாணவர்களின் கைகள் வேலை செய்தன. காலேஜுக்கு அனுப்பிய பையன் மண் சுமக்கிறான் என்றால், நம் வீடுகளில் என்ன பேச்சு கிளம்பும் என்று சொல்லவே வேண்டாம்! பிறகு 1960-களின் இறுதியில், வறட்சி வாட்டிய மானாமதுரைப் பக்கம் ஆயிரம் கிணறுகள் வெட்டும் திட்டத்தை செராக் முன்னெடுத்தார்.

இதுபோன்ற முகாம்களில் இன்றும் புழங்கும் மூன்று வார்த்தைகள் உண்டு. பார், ஆராய், செயல்படு. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களோடு வேலை செய்த ஜோசப் கார்டைன் என்ற பாதிரியார் தந்த வழி. 1961-ல் திருத்தந்தை 23-ம் யோவானே தன் சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார்.

கேட்க எளிது, பழக்கத்துக்கு வருவது கஷ்டம். புதுச்சேரி கடற்கரை காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் முன்னால் செல்ஃபி எடுக்காதவர் யார்? அது பார்ப்பது. அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்று தெரிந்ததும் யார் எடுத்தது, எந்த உரிமையில் என்று கேட்கிறோமே, அது ஆராய்வது. தூணுக்குக் கேட்கும் இதே கேள்வியை நம் தெருவின் தண்ணீர்க் குழாய்க்கும் கேட்கச் சொல்லித்தருவதுதான் முகாமின் வேலை.

அப்படிக் கேட்கப் பழகினால் சும்மா இருக்க முடியாது. 1970 டிசம்பரில் பூந்தமல்லியில் கூடிய ஐக்கஃப் மாணவர்கள், சமூகமே அநீதியாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். கிணறு வெட்டிக் கொடுப்பதிலிருந்து, ஒரு தெருவுக்கு மட்டும் ஏன் கிணறு இல்லை என்று கேட்பது வரை வந்துவிட்டார்கள். சேவை போதாதா, அரசியல் எதற்கு என்ற முணுமுணுப்பு கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் ஓயவில்லை. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கேள்வி மட்டும் கேட்டால் தாகம் தீராது. ஆனால், கிணறு வெட்டியவர் கேட்கும்போது அந்தக் கேள்விக்குத் தனி கனம் இருக்கிறது.

செராக் மண்வெட்டியோடு நின்றுவிடவில்லை. 1980-ல் தாய்லாந்து எல்லைக்குப் போய், கம்போடிய அகதிகளோடு பத்து வருடங்களுக்கும் மேல் இருந்தார். தமிழ்நாட்டுக்கே திரும்பிவந்து, 2012 மே 30 அன்று சென்னையில் காலமானார். வயது 98.

செஞ்சிப் பக்கம் உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் கோடை முகாம் அறிவிப்பு ஒட்டினால், யார் பேசுகிறார்கள் என்பதோடு இன்னொன்றையும் விசாரியுங்கள். எங்கே தங்குகிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?